எந்த உயரத்தில் எரிகிறது விளக்கு

பொதுவெளிக்குச் சூரிய விளக்கு ஒன்றை வடிவமைத்துத் தாருங்கள் என்றால் வடிவமைப்பாளர்கள் பெரும்பாலும் மரம் வரைகிறார்கள். 2007 அக்டோபரில் வியன்னாவின் ரிங் சாலையில், பயன்பாட்டுக் கலை அருங்காட்சியகத்தின் முன்னால் ராஸ் லவ்குரோவ் நிறுத்திய விளக்கின் பெயர் ‘சோலார் ட்ரீ’. சிங்கப்பூர்க் கடலோரத்தில் 2012இல் திறந்த ‘கார்டன்ஸ் பை த பே’ பூங்காவில் நிற்பவை ‘சூப்பர் ட்ரீ’. துபாய் எக்ஸ்போவின் நிலைத்தன்மை அரங்கைச் சுற்றி நட்டவை ‘எனர்ஜி ட்ரீ’. நம் ஊர்ப் பொறியியல் கல்லூரிகளின் முகப்பில்கூட இப்போது இரும்புக் குழாயில் நான்கைந்து தகடுகளைக் கிளைபோல விரித்துவைத்து ‘சோலார் மரம்’ என்று பலகை மாட்டியிருக்கிறார்கள்.

தமிழ்ப் பாடம் நடத்துகிறவளுக்கு இதில் என்ன வேலை என்று கேட்கலாம். உருவகம் என்று வந்துவிட்டால் அது என் வேலைதான். விளக்கை ஏன் மரம் என்கிறார்கள்? மரம் என்றதும் நிழலும் கனியும் பறவையும் அடுத்தடுத்து நினைவுக்கு வருகின்றன. மரத்தை யாரும் கேள்வி கேட்பதில்லை. அதன் உயரத்தை யார் தீர்மானித்தது, அது எத்தனை மணிக்குக் கண்ணை மூடும், அதற்கு யார் தண்ணீர் ஊற்றுவது என்றெல்லாம் நாம் விசாரிப்பதில்லை. அது பாட்டுக்கு வளர்ந்து நிற்கிறது. விளக்குக் கம்பம் அப்படித் தானாக வளர்வதில்லை. அதன் ஒவ்வொரு அடியும் யாரோ ஒருவர் மேசையில் அமர்ந்து எடுத்த முடிவு.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். சூரியத் தகடு வெயிலை நேராக எதிர்கொள்ள வேண்டும். ஓர் ஊரின் அட்சரேகை எத்தனை பாகையோ ஏறத்தாழ அத்தனை பாகைச் சாய்வில், நம்மைப்போல வடகோளத்தில் இருப்பவர்கள் தெற்குநோக்கி வைத்தால், ஆண்டு முழுவதற்குமான விளைச்சல் நன்றாக இருக்கும் என்பது பொதுவிதி. தகடுகளைக் கிளை கிளையாகத் திசைக்கொன்றாய்த் திருப்பிவைத்தால் ஒன்றின் நிழல் மற்றொன்றின்மேல் விழும். தொடராக இணைத்த மின்கலங்களில் ஒன்று நிழலில் சிக்கினாலும் அந்தத் தொடர் முழுவதுமே சோர்ந்துபோகும். ஆக, மரவடிவம் சூரிய மின்சாரத்துக்கு அப்படியொன்றும் உகந்த வடிவம் இல்லை. வெயிலுக்காக அதை வரையவில்லை, பார்ப்பவர் கண்ணுக்காக வரைந்திருக்கிறார்கள். அந்தக் கண் யாருடையது, எங்கிருந்து பார்க்கிறது என்பதுதான் என் கேள்வி.

சிங்கப்பூர் மரங்களையே எடுத்துக்கொள்வோம். மொத்தம் 18. 25 மீட்டர் முதல் 50 மீட்டர் வரை உயரம். இவற்றில் 12 ஒரே தோப்பாக நிற்கின்றன. சூரியத் தகடு பொருத்தியவை 11. உடலெங்கும் செடிகொடிகள். இரண்டு மரங்களுக்கு இடையே 22 மீட்டர் உயரத்தில் 128 மீட்டர் நீளத்துக்கு ஒரு தொங்குநடை. மாலை 7.45க்கும் 8.45க்கும் இசையோடு ஒளிக்காட்சி. கிராண்ட் அசோசியேட்ஸ் என்ற பிரிட்டிஷ் நிலவடிவமைப்பு நிறுவனத்தின் வடிவமைப்பு இது. ஒரு கருத்தரங்குக்குப் போயிருந்தபோது நானும் தோப்பின் நடுவே மல்லாந்து படுத்து ஒளிக்காட்சியைப் பார்த்தேன். அழகாகத்தான் இருந்தது. அதை மறுப்பது பொய்யான பெண்ணியம்.

ஆனால் அந்த அழகு எங்கிருந்து முழுமையாகத் தெரிகிறது? தரையில் படுத்தால் தெரிகிறது. தொங்குநடையில் டிக்கெட் எடுத்து ஏறினால் இன்னும் நன்றாகத் தெரிகிறது. எதிரே உள்ள மூன்று கோபுர ஹோட்டலின் உச்சியிலிருந்து பார்த்தால் எல்லாவற்றையும்விட நன்றாகத் தெரிகிறது. சுற்றுலாப் படங்கள் பெரும்பாலும் அந்த உயரத்திலிருந்து எடுத்தவை. காட்சி முடிந்து கூட்டம் கலைந்ததும் துடைப்பத்தோடும் இடுக்கியோடும் வந்த வயதான பெண்ணொருத்தி குனிந்து குனிந்து தரையைப் பார்த்துக்கொண்டே போனார். அந்த இடத்தில் தரையைப் பார்க்க வேண்டியிருந்த ஒரே ஆள் அவர்தான். தரைக்குத்தான் வெளிச்சம் குறைவு.

அந்த நகரத்தில் வீட்டோடு தங்கி வேலை செய்யும் வெளிநாட்டுப் பணிப்பெண்களுக்கு வாரம் ஒருநாள் ஓய்வு என்பது 2013 ஜனவரியில்தான் சட்டமாயிற்று. இந்தோனேசியாவிலிருந்தும் பிலிப்பைன்ஸிலிருந்தும் மியான்மரிலிருந்தும் தமிழ்நாட்டிலிருந்தும் போன பெண்கள். ஞாயிற்றுக்கிழமைப் பகலில் பூங்காக்களிலும் கடைத்தெருவின் நிழலிலும் பாய்விரித்துச் சோறு பிரித்து உண்ணும் அவர்களைப் பார்க்கலாம். இருட்டுவதற்குள் பலரும் வீடு திரும்பியாக வேண்டும். பூங்காவின் வெளித்தோட்டம் பின்னிரவு 2 மணிவரை எல்லோருக்கும் இலவசமாகத் திறந்திருக்கிறது. ‘எல்லோருக்கும்’ என்ற சொல்லுக்குள் யாருடைய இரவு இருக்கிறது என்று அறிவிப்புப் பலகை சொல்லாது.

இதற்கு ஒரு மறுபக்கமும் உண்டு. அதே நகரத்தில் இரவு பதினொரு மணிக்குத் தனியே நடந்து அறைக்குத் திரும்பியிருக்கிறேன், பயமில்லாமல். அதற்குக் காரணம் சூப்பர் ட்ரீ இல்லை. ரயில் நிலையத்திலிருந்தும் பேருந்து நிறுத்தத்திலிருந்தும் அடுக்ககங்களின் அடித்தளம்வரை கூரைபோட்ட நடைபாதை போகிறது. மழைக்கும் வெயிலுக்கும் போட்ட கூரை. அதன் அடிப்பகுதியில், கையை உயர்த்தினால் இன்னும் கொஞ்சம் மேலே, சாதாரணக் குழல்விளக்குகள் வரிசையாக எரிகின்றன. எதிரே வருகிறவரின் முகம் தெரிகிறது. அடுக்ககத்தின் கீழே முதியவர்கள் அமர்ந்து பேசிக்கொண்டிருக்கிறார்கள். அந்தக் கூரையை யாரும் அஞ்சலட்டையில் அச்சிடுவதில்லை. ஆனால் அந்த ஊரில் எனக்கு வெளிச்சம் தந்தது அதுதான்.

பார்க்கப்படுவதற்காக எரியும் விளக்கு ஒன்று, பார்ப்பதற்காக எரியும் விளக்கு ஒன்று. இரண்டும் ஒரே தகட்டில், ஒரே பேட்டரியில் எரியலாம். வேறுபாடு பெரும்பாலும் உயரத்தில் இருக்கிறது.

உயரமான விளக்கின் மீதான மோகம் சூரியத் தகட்டைவிடப் பழையது. அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்து ஆஸ்டின் நகரில் 1894-95இல் 31 ‘நிலவொளிக் கோபுரங்கள்’ நட்டார்கள். ஒவ்வொன்றும் 165 அடி. உச்சியில் ஆறு கார்பன் வில்விளக்குகள். தெருவுக்குத் தெரு கம்பம் நடும் செலவில்லாமல் ஊருக்கே ஒரு செயற்கை நிலா. சில கோபுரங்கள் இன்றும் நிற்கின்றன. இந்தக் கோபுரங்களைப் பற்றி அந்த ஊரில் ஒரு கதை உலவுகிறது. 1884 இறுதியிலிருந்து ஓராண்டு காலம் அங்கே தொடர்கொலைகள் நடந்தன. கொல்லப்பட்டவர்களில் பெரும்பாலோர் கறுப்பினப் பணிப்பெண்கள். பெண்களைக் காக்கத்தான் கோபுரம் வந்தது என்கிறது கதை. கொலைக்கும் கோபுரத்துக்கும் இடையே ஏறத்தாழ பத்தாண்டு இடைவெளி என்பதைக் கதை கவலைப்படுவதில்லை. அதைவிட முக்கியமான ஒன்றையும் விட்டுவிடுகிறது. அந்தப் பெண்களில் பலர் தெருவில் நடந்துபோகும்போது தாக்கப்படவில்லை. எசமானர் வீட்டுப் புறக்கடைக் குடிசையில் படுத்துறங்கியபோது தாக்கப்பட்டார்கள். 165 அடி உயர நிலா அந்தக் கதவுக்குள் எப்படி எட்டிப்பார்க்கும்? பெண்ணின் சாவை முன்னிறுத்தி நகரம் தனக்கு ஓர் அலங்காரம் செய்துகொண்டதாக நம்ப விரும்பியிருக்கிறது, அவ்வளவுதான்.

2012 டிசம்பருக்குப் பிறகு நம் நாட்டில் நடந்ததையும் இந்தக் கதையோடு சேர்த்துப் படிக்கிறேன். 2013இல் நிர்பயா நிதி வந்தது. அதிலிருந்து எட்டு மாநகரங்களுக்குப் ‘பாதுகாப்பான நகரம்’ திட்டம் வந்தது. சென்னை அவற்றில் ஒன்று. பெண் பாதுகாப்பு என்றதும் நிர்வாகத்தின் கை முதலில் நீளுவது கம்பத்துக்கும் கேமராவுக்கும்தான். இதுவும் புதிதல்ல. 1667இல் பாரிஸ் தெருக்களில் லாந்தர் தொங்கவிட்டவர் அந்நகரின் முதல் போலீஸ் தலைவர். விளக்கும் காவலும் ஒரே வயிற்றில் பிறந்தவை.

எங்கள் ஊர்ப் பேருந்து நிலையத்தின் நடுவில் ஒரு ஹைமாஸ்ட் நிற்கிறது. அதை நட்டவர்கள் பெயரெல்லாம் இங்கே வேண்டாம். எல்லா ஊரிலும் ஒன்று நிற்கிறது. மாலை வகுப்பு முடித்து அங்கே பேருந்துக்குக் காத்திருக்கும் மாணவி ஒருத்தி என்னிடம் சொன்னது: “அங்க நின்னா எல்லாருக்கும் என்னைத் தெரியுதும்மா, எனக்குத்தான் யாரையும் தெரியல.” ஒளியியல் பாடப்புத்தகம் நான்கு பக்கத்தில் சொல்வதை அவள் ஒரு வரியில் சொல்லிவிட்டாள். ஒரே விளக்கை 4 மீட்டரிலிருந்து 12 மீட்டருக்கு ஏற்றினால் நேர் கீழே தரையில் விழும் வெளிச்சம் ஒன்பதில் ஒரு பங்காகிவிடும். அதை ஈடுகட்ட விளக்கின் திறனைக் கூட்டுவார்கள். திறன் கூடக் கூடக் கண் கூசும். கூசிய கண்ணுக்கு வெளிச்ச வட்டத்துக்கு அப்பால் உள்ள இருட்டு இன்னும் கனமாகத் தெரியும். கடைகளுக்குப் பின்னால், கழிப்பறைக்குப் போகும் சந்தில், நின்றுபோன பேருந்துகளின் இடுக்கில் நிழல் கெட்டிப்படும். வட்டத்துக்குள் நிற்பவள் மேடையில் நிற்கிறாள். பார்வையாளர் இருட்டில் இருக்கிறார்.

முகம் என்பது இன்னொரு விஷயம். தெருவிளக்கைப் பற்றிப் பேசும்போது நம் அலுவலகங்கள் தரையில் எத்தனை லக்ஸ் விழுகிறது என்றுதான் அளக்கின்றன. வண்டி ஓட்டுகிறவருக்குத் தரை தெரிந்தால் போதும். நடக்கிறவளுக்கு முகம் தெரிய வேண்டும். அதாவது முக உயரத்தில், செங்குத்தான பரப்பில் விழும் வெளிச்சம். எதிரே வருபவர் நான்கு மீட்டர் தூரத்தில் இருக்கும்போதே அவர் முகத்தைப் படிக்க முடிகிறதா என்பது வெளிச்ச ஆய்வாளர்கள் நெடுங்காலமாகப் பயன்படுத்தும் அளவுகோல். விலகிப்போக, திரும்பிப்போக, அல்லது சிரித்து வணக்கம் சொல்ல அந்த நான்கு மீட்டர் வேண்டும். தலைக்கு நேர்மேலிருந்து விழும் வெளிச்சம் கண்குழியையும் மூக்கின் கீழ்ப்புறத்தையும் இருட்டாக்கி எல்லா முகத்தையும் ஒரே முகமூடியாக்கிவிடுகிறது. தாழ்வான, கூசாத, அடுத்தடுத்து இடைவெளியில்லாமல் வரும் விளக்குகளே இதற்குத் தீர்வு. ஆனால் பத்துத் தாழ்ந்த விளக்கைத் திறந்துவைக்க எந்த அமைச்சரும் வரமாட்டார்.

அடுத்தது நேரம். நம் நாட்டில் அரசுத் திட்டங்களின்கீழ் நடும் சூரியத் தெருவிளக்குகளில் பரவலாக ஓர் ஏற்பாடு உண்டு. பொழுது சாய்ந்ததும் தானாக எரியும். முதல் நான்கு மணி நேரம் முழு வெளிச்சம். பிறகு விடியும்வரை மங்கல். பேட்டரியைச் சேமிக்கச் செய்த ஏற்பாடு. பொறியியல் நோக்கில் குறைசொல்ல முடியாது. கார்த்திகை மாதத்தில் ஆறு மணிக்கு முன்பே இருட்டிவிடும் நம் ஊரில் இதன் பொருள், இரவு பத்து மணிக்கு முன்பே விளக்குக்குத் தூக்கம் வந்துவிடும் என்பது. பத்து மணிக்குமேல் வெளியில் யார் இருக்கப்போகிறார்கள் என்ற அனுமானம் அந்தச் சிறிய மின்சுற்றுப் பலகையில் பொறிக்கப்பட்டிருக்கிறது.

யார் இருப்பார்கள் என்று நான் சொல்கிறேன். மூன்று மணிக்கு எழுந்து பூ மார்க்கெட்டுக்குக் கூடையோடு போகிறவர்கள். நான்கு மணிக்கு மல்லிகைக் காட்டில் மொட்டுப் பறிக்க நெற்றியில் டார்ச் கட்டிக்கொண்டு இறங்குகிறவர்கள். மீன் ஏலத்துக்குக் கடற்கரைக்குப் போகிறவர்கள். மாநகராட்சியின் தூய்மைப் பணியாளர்கள். மில்லில் ஷிப்டு முடித்தவர்கள். பிரசவ வார்டு செவிலியர்கள். வீட்டில் கழிப்பறை இல்லாததால் இருட்டுக்காகவே காத்திருக்கிறவர்கள். பெண்களை இரவு 7 மணிமுதல் காலை 6 மணிவரை ஆலையில் வேலைவாங்கக் கூடாது என்ற தொழிற்சாலைச் சட்டப் பிரிவைச் சென்னை உயர் நீதிமன்றம் 2000ஆம் ஆண்டில் செல்லாது என்றது. 2019இல் தமிழ்நாட்டில் கடைகளை 24 மணி நேரமும் திறக்கலாம் என்று ஆணை வந்தபோதும், பெண் ஊழியரை வழக்கமாக இரவு 8 மணிக்குமேல் வைத்துக்கொள்ளக் கூடாது, அவர் எழுத்துமூலம் ஒப்புக்கொண்டால் உரிய பாதுகாப்போடு வைத்துக்கொள்ளலாம் என்றிருந்தது. சட்டம் தயங்கித் தயங்கி இரவைத் திறந்துவிட்டிருக்கிறது. விளக்கு இன்னும் பழைய சட்டத்தையே பின்பற்றுகிறது.

மழைக்காலத்தையும் இதனோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் இரவு நீளும், வெயில் குறையும். வெயிலே இல்லாமல் இரண்டு மூன்று நாள் தாக்குப்பிடிப்பதுபோலத்தான் பேட்டரியின் அளவைக் கணக்கிடுகிறார்கள். நான்காம் நாளும் வானம் மூடியிருந்தால் விளக்கு இல்லை. சேறும் தண்ணீரும் பாம்பும் தெருவுக்கு வருவது அந்த நான்காம் நாளில்தான். வடிவமைப்பாளர் சித்திரை வெயிலைப் பார்த்துத் தகடு வாங்குவதா, ஐப்பசி இருட்டைப் பார்த்து வாங்குவதா என்பது வெறும் கணக்கு இல்லை. யாரை மனதில் வைத்துக் கணக்கிடுகிறார் என்பது.

இத்தனைக்குப் பிறகும் சூரிய விளக்கின் பக்கமே நான் நிற்கிறேன். அதற்கு ஒரு காரணம் உண்டு. மின்வாரியக் கம்பி ரோட்டைப் பின்தொடர்கிறது; ரோடு வண்டியைப் பின்தொடர்கிறது. ஆகவே காலங்காலமாகத் தெருவிளக்கு வண்டியுள்ளவன் பாதையில் எரிந்துவந்திருக்கிறது. ஊர்த்தெருவில் முதலில், காலனிக்குக் கடைசியில். தனித்தியங்கும் சூரிய விளக்குக்குக் கம்பி தேவையில்லை. அது ஒற்றையடிப் பாதைக்குப் போகலாம். கிணற்றடிக்கு, குளக்கரைக்கு, பொதுக் கழிப்பறைக்கு, காலனிக்கும் பேருந்து நிறுத்தத்துக்கும் நடுவே உள்ள அந்த அரைக் கிலோமீட்டர் வெற்றிடத்துக்குப் போகலாம். கம்பியின் சாதியிலிருந்து விடுபட்ட விளக்கு அது. ஆனாலும் டெண்டர் போட்டு வாங்கிய சூரியக் கம்பங்களையும் கொண்டுபோய் ஏற்கெனவே விளக்குள்ள மெயின் ரோட்டு ஓரத்திலேயே நடுவதைப் பார்க்கிறேன். சுதந்திரம் கிடைத்த விளக்குக்கும் பழைய வழிதான் தெரிந்திருக்கிறது.

நம் இலக்கியத்தில் இரவு வெளிச்சம் எப்படி இருந்தது? தொல்காப்பியத்தின் இலக்கணப்படி பகற்குறி வீட்டுக்கு வெளியே. இரவுக்குறியோ வீட்டாரின் பேச்சு காதில் விழும் எல்லைக்குள். இலக்கணமே தலைவியின் இரவுக்கு வேலி போட்டுவிட்டது. ஆனால் மதுரைக்காஞ்சியில் அல்லங்காடி இருக்கிறது, இரவிலும் வாணிபம் நடக்கிறது. சிலப்பதிகாரத்தின் கடலாடு காதையில் புகார்க் கடற்கரையின் இரவு விளக்குகளை இளங்கோ வரிசையாகச் சொல்லிக்கொண்டே போகிறார். அந்தப் பட்டியலை எத்தனையோ முறை வகுப்பில் நடத்தியிருக்கிறேன். சூரிய விளக்கைப் பற்றி யோசிக்கத் தொடங்கிய பிறகுதான் அதன் அமைப்பு என்னைப் பிடித்து நிறுத்தியது. சாந்தும் மலரும் விற்பவர் விளக்கு, அப்பம் சுடுபவர் விளக்கு, பண்டம் விற்கும் பெண்ணின் விளக்கு, மீன் விற்பவர் விளக்கு, வேற்றுமொழியாளர் விளக்கு, மீன்பிடி படகின் விளக்கு, காவலர் விளக்கு, கலங்கரை விளக்கு. விளக்கின் வடிவத்தையோ உயரத்தையோ செய்த கம்மியனையோ அவர் புகழவில்லை. ஒவ்வொரு விளக்கையும் அதன் வெளிச்சத்தில் பிழைப்பவரின் பெயரால் அழைக்கிறார். கலங்கரை விளக்கமும் அந்த வரிசையில் ஒன்று. அதற்குத் தனி மரியாதை இல்லை. பெருவெளியில் வெளிச்சம் என்பது பல கைகளின் சிறு விளக்குகள் சேர்ந்து உண்டாவது என்று அந்தப் பட்டியல் எனக்குச் சொல்கிறது. நம் மெரினாவின் மணலிலும் இரவில் சுண்டல், பஜ்ஜி விற்பவர்கள் வண்டியில் தொங்கவிட்ட விளக்குகள் அப்படித்தான் எரிகின்றன. (ஓங்கிய விளக்குகள் மனிதருக்கு மட்டும் தொல்லை இல்லை. சென்னைக் கரையில் மணலில் பொரித்து வெளிவரும் பங்குனி ஆமைக் குஞ்சுகள் கடலின் மினுக்கம் என்று நினைத்து விளக்கை நோக்கி ஊர்ந்து ரோட்டில் சாகின்றன. தாழ்ந்த, மங்கிய மஞ்சள் வெளிச்சம் அவற்றுக்கும் நல்லது.)

நின்று கண்ணால் ரசிக்காமல் ஏறி மிதிக்கிற சூரிய விளக்கும் உலகத்தில் ஒன்று உண்டு. குரோஷியாவின் ஸதார் துறைமுகத்தில் 2008இல் நிகோலா பாஷிச் அமைத்த ‘சூரியனுக்கு வணக்கம்’. 22 மீட்டர் விட்டமுள்ள வட்டம், தரையோடு தரையாக 300 கண்ணாடித் தகடுகள். பகலில் வெயிலைக் குடித்து இரவில் காலடியில் நிறம் மாற்றி ஒளிர்கிறது. அதற்குக் கம்பமே இல்லை. குழந்தைகள் அதன்மேல் ஓடுகிறார்கள். ஒரு வேலையும் இல்லாமல் மக்கள் அதன்மேல் உட்கார்ந்திருக்கிறார்கள். ‘வொய் லாய்ட்டர்?’ (2011) நூலில் ஷில்பா பட்கே, சமீரா கான், ஷில்பா ரானடே மூவரும் மும்பையை வைத்துச் சொன்னது இதுதான்: பெண் பொதுவெளியில் இருப்பதற்கு எப்போதும் ஒரு காரணம் காட்ட வேண்டியிருக்கிறது, காரணமில்லாமல் சும்மா திரிவதும் உரிமைதான். நம் விளக்குகள் பெண்ணுக்குப் பாதை காட்டுகின்றன. சீக்கிரம் வீட்டுக்குப் போ என்கின்றன. கொஞ்ச நேரம் இரு என்று சொல்லும் விளக்கு எங்கே?

அது எப்படி இருக்கும் என்று யோசித்தால் எனக்கு மரம் தோன்றவில்லை, பந்தல் தோன்றுகிறது. கன்னியாகுமரி 8 பாகை, சென்னை 13 பாகை. நம் ஊரில் தகட்டை ஏறத்தாழப் படுக்கைவாட்டிலேயே வைக்கலாம். மழைநீர் வழிந்து தூசி போகும் அளவுக்குச் சிறு சாய்வு போதும். வியன்னாவில் 48 பாகை நிமிர்ந்து நிற்க வேண்டிய தகடு இங்கே படுத்துக்கிடக்கச் சம்மதிக்கிறது. படுத்த தகடு என்றால் கூரை. பகலில் நிழல், இரவில் அதன் அடியில் எட்டடி, ஒன்பதடி உயரத்தில் விளக்கு. ஒரு கிலோவாட்டுக்கு ஏறத்தாழ 100 சதுர அடி என்பது நம் ஊர் சோலார் வியாபாரிகள் சொல்லும் கைக்கணக்கு. நல்ல வெயிலில் அது நாளொன்றுக்கு ஏறத்தாழ 4 யூனிட் தரும். பத்தடிக்கு இருபதடிப் பந்தல் 8 யூனிட். 20 வாட் எல்.இ.டி. விளக்கைப் பன்னிரண்டு மணி நேரம் முழு வெளிச்சத்தில் எரித்தால் கால் யூனிட்டுக்கும் குறைவு. அப்படி இருபது விளக்குக்கு 5 யூனிட்கூட ஆகாது. பத்து மணிக்கு மங்கச் செய்ய வேண்டிய அவசியமே இல்லை. மிச்சத்தில் இரண்டு மின்விசிறி ஓடும், பூக்காரர் செல்போனுக்குச் சார்ஜ் ஏறும், மேகமூட்டத்துக்கும் கொஞ்சம் சேமிப்பாகும். பேருந்து நிலையத்தின் நடுவே ஒரு கோபுரத்துக்குப் பதில் இப்படிப் பத்துப் பந்தல்.

பேட்டரியை எங்கே வைப்பது என்பதிலும் இதே வேறுபாடு. இப்போதைய கம்பங்கள் பலவற்றில் அது உச்சியில், தகட்டுக்குக் கீழே வெந்துகொண்டிருக்கிறது. வெப்பம் பேட்டரிக்கு எமன். தகடு 25 ஆண்டு நிற்கும், சாதாரண ஈய அமில பேட்டரி மூன்று முதல் ஐந்து ஆண்டு. அது போனதும் ஏணி வேண்டும், வண்டி வேண்டும், ஒப்பந்தக்காரர் வர வேண்டும். வருவதில்லை. ஊரூராக நிற்கும் செத்த சூரியக் கம்பங்களின் கதை இதுதான். ராஜஸ்தானின் திலோனியாவில் பேர்ஃபுட் கல்லூரி, எழுதப் படிக்கத் தெரியாத பாட்டிகளுக்கு ஆறே மாதத்தில், நிறக்குறியீடுகளை வைத்தே சூரிய விளக்கைப் பூட்டவும் பழுதுபார்க்கவும் கற்றுத்தந்தது. ஆப்பிரிக்க நாடுகளிலிருந்தெல்லாம் பெண்கள் வந்து கற்றுப் போனார்கள். ‘பாட்டி பொறியாளர்’ என்று அவர்களைப் புகைப்படமெடுத்துக் கொண்டாடுவதில் எனக்குக் கொஞ்சம் சலிப்பு உண்டு. அந்த வேலைக்கு மாதச் சம்பளம் என்ன என்று யாரும் தலைப்பில் போடுவதில்லை. ஆனாலும் அதில் ஒரு வடிவமைப்புப் பாடம் இருக்கிறது. பழுதுபார்ப்பவள் கைக்கு எட்டும் உயரத்தில் பேட்டரிப் பெட்டி இருக்க வேண்டும். பூட்டின் சாவி உள்ளூரில், ஒரு மகளிர் குழுவிடம், கூலியோடு இருக்க வேண்டும்.

கைக்கு எட்டும் உயரம் என்றதும் சுமைதாங்கிக் கல் நினைவுக்கு வருகிறது. இரண்டு கல்லை நட்டு மேலே ஒரு கல்லைப் படுக்கவைத்தது. தலைச்சுமையோடு வருகிறவர் யாரையும் “கொஞ்சம் பிடிங்க” என்று கேட்காமல் தானே நகர்த்தி இறக்கிவைத்துத் திரும்ப ஏற்றிக்கொள்ளும் உயரம். வயிற்றுப் பிள்ளையோடு செத்துப்போன பெண்களின் நினைவாக நட்டவை அவை. வயிற்றுச் சுமையை இறக்காமலே போனவள் பெயரில் ஊருக்கு ஒரு சுமை இறக்குமிடம். அந்தச் சாவைத் தடுக்காத ஊர்தான் அந்தக் கல்லையும் நட்டது, அதை மறக்கவில்லை. ஆனால் அந்தக் கல்லை நட்டவருக்குச் சுமப்பவளின் தோள் எந்த உயரத்தில் இருக்கிறது என்று தெரிந்திருந்தது. பொதுவெளியில் நிற்கும் எந்தச் சூரிய விளக்கைப் பற்றியும் என்னால் அப்படிச் சொல்ல முடியவில்லை.

இந்தப் பருவத்தில் என் மாணவிகள் சிலரிடம் ஒரு சிறு கணக்கெடுப்பைக் கொடுத்தேன். கல்லூரியிலிருந்து வீடுவரை வழியில் உள்ள விளக்குகளைக் குறித்துவர வேண்டும். விளக்கு எத்தனை ஆள் உயரம், எத்தனை மணிக்கு மங்குகிறது, அதன்கீழ் நான்கு மீட்டர் தூரத்தில் வருபவர் முகம் தெரிகிறதா என்று மூன்று பத்தி. ஒருத்தி நான் சொல்லாமலே நான்காவதாக ஒரு பத்தி வரைந்திருந்தாள்: ‘உட்கார இடம் உண்டா?’ மற்றவர்களும் அதைப் பார்த்துச் சேர்த்துக்கொண்டார்கள். உயரத்துக்கும் நேரத்துக்கும் கீழே எண்கள் நிரம்பியிருந்தன. அந்த நான்காவது பத்தியில் பெரும்பாலும் ஒரு சிறு கோடு மட்டும் இருந்தது. ஒரே ஓர் இடத்தில், மூடிய கடையின் படிக்கட்டு என்று எழுதி, அடைப்புக்குறிக்குள் ‘கடைக்காரர் எழுந்திரிக்கச் சொல்வார்’ என்று குறித்திருந்தாள்.